ஆரம்பகால ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஊர்க் கிளப்புகளைத் தேடிப் படிப்பது எப்படி?

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தின் (பந்தைக் கையிலும் எடுத்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து வகை) தொடக்கம் என்றால் எல்லாரும் மெல்போர்னைத்தான் சொல்வார்கள்: 1858-ல் கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ் கால்பந்துக் கிளப் தொடங்கச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம், 1859 மே மாதம் எழுதப்பட்ட விதிகள். ஆனால் அதே 1859-ல் ஜீலாங்கிலும் கிளப் வந்துவிட்டது, கொஞ்ச நாளிலேயே பல்லாரட், பெண்டிகோ என்று தங்கம் தோண்டிய ஊர்களும் ஆட ஆரம்பித்துவிட்டன. அவற்றின் கதை அந்தந்த ஊர்ப் பத்திரிகைகளில் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

படி 1: ஒரே ஒரு ஊரைப் பிடியுங்கள். நான் பெண்டிகோவைச் சொல்வேன். விதிகளை எழுதியவர்களில் ஒருவரான ஜே. பி. தாம்ப்சன் அங்கே போய், 1861-ல் கிளப் தொடங்கக் காரணமாக இருந்தார்.

படி 2: அந்தக் காலத்துப் பெயரைக் கண்டுபிடியுங்கள். புதிதாகத் தேடுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 1891 வரை அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் சாண்ட்ஹர்ஸ்ட், கிளப்பும் சாண்ட்ஹர்ஸ்ட்தான், ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையின் பெயரோ பெண்டிகோ அட்வர்டைசர்! அதனால் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். 'ஃபுட்பால்' என்பதையும் ஒரே சொல்லாக (football) ஒரு தடவை, நடுவில் கோடு போட்டுப் பிரித்து (foot-ball) ஒரு தடவை என்று தேடிப் பாருங்கள், அப்போது இரண்டு விதமாகவும் அச்சிட்டார்கள்.

படி 3: தேடலைச் சுருக்குங்கள். பத்திரிகைப் பகுதி, 1861, மே முதல் செப்டம்பர் வரை. அங்கே அதுதான் குளிர்காலம், ஆட்டமும் அப்போதுதான்.

படி 4: ஸ்கோரை இன்றைய கண்ணால் படிக்காதீர்கள். அப்போது கோல் மட்டும்தான் கணக்கு. கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு (பந்து கோல் கம்பத்துக்கும் வெளிக் கம்பத்துக்கும் நடுவே போவது) 1 புள்ளி என்பதெல்லாம் 1897-ல் விக்டோரியன் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது வந்தது. 1860-களின் தொடக்கத்தில் முதலில் 2 கோல் அடித்த அணிக்கு வெற்றி, இருட்டுவதற்குள் யாரும் அடிக்கவில்லை என்றால் ஆட்டம் இன்னொரு நாளுக்குப் போகும். முடிவே இல்லாத செய்தி கண்ணில் பட்டால் அடுத்த வார இதழையும் திறந்துவிடுங்கள்.

படி 5: விளம்பரப் பத்திகளையும் பாருங்கள். எந்த ஹோட்டலில் கூட்டம், எத்தனை மணிக்கு, செயலாளர் யார் என்பதெல்லாம் அந்த மூன்று வரி அறிவிப்புகளில்தான் கிடைக்கும். எனக்கு ஆட்டச் செய்தியை விட இவைதான் பிடிக்கும், ஒரு கிளப் உருவாவதை அதில் நேராகப் பார்க்க முடிகிறது.

அப்புறம் கடைசியாக ஒன்று. பழைய அச்சைக் கணினி படிக்கும்போது நிறையப் பெயர்கள் சிதைந்திருக்கும், அதனால் அவை தேடலில் வராது. செய்திக்குப் பக்கத்திலேயே எழுத்தைத் திருத்தும் வசதி உண்டு. நீங்கள் படித்த பத்தியில் ஆட்டக்காரர்களின் பெயர்களையாவது சரிசெய்துவிட்டு வாருங்கள்.