பழைய பெட்ரோமாக்ஸ் வாங்கப் போகிறீர்களா? பம்பிலிருந்து தொடங்குங்கள்

காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்க எல்.இ.டி. விளக்கே போதும். ஆனால் திருவிழா ஊர்வலத்தில் தலைச்சுமையாக வந்த அந்த 'உஸ்ஸ்' சத்தம் காதில் தங்கிவிட்டவர்களுக்குப் போதாது. போன வருடம் வாரச்சந்தையில் பித்தளை விளக்கு ஒன்று வாங்கினேன். புளி போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் அது எரியவே இல்லை.

நம் ஊரில் பம்ப் அடிக்கிற விளக்கு எல்லாமே பெட்ரோமாக்ஸ்தான். உண்மையில் அது பெர்லினின் எரிச் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம் வைத்த பெயர். அதன் தலைவர் மாக்ஸ் கிரேட்ஸ். அதிகம் கிடைப்பது 500 கேண்டில் பவர் வகை: ஒரு லிட்டர் எண்ணெய், சுமார் எட்டு மணி நேர வெளிச்சம்.

1. எண்ணெய் எது?
விளக்கு எந்த எரிபொருளுக்குச் செய்ததோ அதை மட்டும் ஊற்றுங்கள். பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய். அமெரிக்காவின் கோல்மன் விளக்குகளில் பெரும்பாலானவை நாஃப்தா (பெட்ரோல் போன்ற லேசான எண்ணெய்) வகைக்கானவை. அது இங்கே லேசில் கிடைக்காது என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் பெட்ரோல் ஊற்றினால் அது வெடிகுண்டு.

2. தொட்டி
அடியைத் திருப்பிப் பாருங்கள். ஈயப்பற்று வைத்த தடம் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேரம் பேசவும் வேண்டாம்.

3. பம்ப்
நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். காற்று நிற்கவில்லை என்றதும் தோல் வாஷரை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். மூன்றாவது முறை விளக்கெண்ணெயில் இரவு முழுக்க ஊறவைத்துப் போட்டேன். பலனில்லை. பம்ப் கைப்பிடியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், யாரோ உள்ளிருந்து தள்ளுவது போல அது மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. அதைத் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கணக்கு சுலபம். கைப்பிடி தடையே இல்லாமல் சரக்கென்று இறங்கினால் தோல் வாஷர் போச்சு. தானாக மேலே எழுந்தால், பம்ப் குழாயின் அடியில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு (அடித்த காற்றைத் திரும்ப விடாத அடைப்பு) போச்சு. எண்ணெய் இல்லாமலேயே கடையில் இருபது அடி அடித்து இதைப் பார்த்துவிடலாம்.

அந்த வால்வைக் கழற்ற அதற்கென்றே நீளமான சாவி உண்டு. அதை வாங்குங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினால் காடி மழுங்கிவிடும், பிறகு ஆண்டவன்தான். உள்ளே சின்ன ஸ்பிரிங், அதன் தலையில் மிளகளவு ரப்பர். நான் முதலில் சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டேன். மண்ணெண்ணெயில் அது ஒரே வாரத்தில் ஊதிப்போனது. நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பர்தான் நிற்கும்.

4. மற்றவை
நாசில் (மேண்டில் கட்டும் முனை), ஊசி (எண்ணெய் வரும் துளையைச் சுத்தம் செய்வது), மேண்டில் (ஒளிரும் வலைப்பை), கண்ணாடி எல்லாம் மாற்றக்கூடியவை. இவை இல்லை என்பதற்காக நல்ல விளக்கை விடாதீர்கள். பழைய மேண்டில்களில் தோரியம் இருக்கும். லேசான கதிரியக்கம் உண்டு. உடைந்த மேண்டிலின் தூளை ஊதாதீர்கள்.

5. ஏற்றுவது
வெட்டவெளியில் மட்டும். புது மேண்டிலை நாசிலுக்குக் கீழே கட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குழாயைச் சூடேற்றும் ஸ்பிரிட் கிண்ணத்தை இரண்டு முறை நிரப்பி எரிய விடுங்கள். ஒன்றே போதும் என்பார்கள், நம்பாதீர்கள். குழாய் சூடேறாவிட்டால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வந்து, மஞ்சள் தீ கூரை உயரத்துக்கு எழும். அப்படி எழுந்தால் தண்ணீரைத் தேடி ஓடாதீர்கள். எண்ணெய் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் அடங்கிவிடும்.

பின்சேர்க்கை: பம்ப் ஸ்டவ்
இதைப் படித்த சிலர் ஸ்டவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1892-இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் கொண்டுவந்த பிரைமஸ் வகைதான் நம் வீடுகளில் இருந்ததும். மூன்றாவது படி அதற்கும் அப்படியே பொருந்தும். இரைகிற பர்னர், சத்தமில்லாத பர்னர் என்று இரண்டு வகை. என் ஓட்டு இரைவதற்கே: பாகங்கள் குறைவு, காற்றடித்தாலும் லேசில் அணையாது. ஸ்வியா 123 கையில் கிடைத்தால் அதில் பம்ப் இருக்காது, தேடாதீர்கள். அது பெட்ரோல் ஸ்டவ். தன் சூட்டிலேயே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும்.