அப்பா செய்த அலமாரி: இழைக்காமலே கதவு சரியானது

அப்பா தச்சர். அவர் அம்மாவுக்காகச் செய்த தேக்கு அலமாரி, தீபாவளிக்கு வெள்ளையடித்துத் திரும்ப வைத்த பிறகு பூட்டவே வரவில்லை. அடைமழை வேறு.

மழைக்கு உப்பியிருக்கும் என்று மெழுகுவத்தி தேய்த்தேன். அப்புறம் கீல் திருகுகளை இறுக்கினேன். கூப்பிட்டு வந்த ஆசாரி, கதவின் அடியில் ஒரு நூல் அளவு இழைத்துவிடலாம் என்றார். "அவர் இழைச்ச விளிம்புல இன்னொருத்தர் கை வைக்க வேண்டாம்" என்று அம்மா மறுத்துவிட்டார். நல்லதாய்ப் போயிற்று.

கவனிக்க வேண்டியது உரசும் இடம். வலது கதவு கீழ்ச் சட்டத்தில் உரசியது, இடது கதவு மேல் சட்டத்தில். ஈரத்தில் மரம் குறுக்குவாட்டில்தான் உப்பும், நீளவாட்டில் அநேகமாக இல்லை. உப்பலாக இருந்தால் இரண்டு கதவும் நடுவில் ஒன்றோடொன்று முட்டியிருக்கும். அப்படி முட்டவில்லை. ஆகவே கோணியிருப்பது கதவல்ல, அதைத் தாங்கும் அலமாரிக் கூடு. முகப்பில் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்த்தேன். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை.

"முன்காலுக்கு அடியில உங்கப்பா ஒரு சில்லு வச்சிருப்பாரேடா" என்றார் அம்மா. அது சுண்ணாம்புக் குப்பையோடு போய்விட்டது போல. எந்தக் கதவு தாழ்ந்து நிற்கிறதோ, அந்தப் பக்கத்து முன்காலைத்தான் தூக்க வேண்டும். எங்களுக்கு வலது. நெம்புகோல் கொடுத்துத் தூக்கி, அப்பாவின் பெட்டியில் கிடந்த தேக்குத் துண்டைச் சீவி, மூலை அளவுகள் இரண்டும் ஒன்றாகும் வரை செருகினேன். கதவுகள் வரிசைக்கு வந்தன, சாவியும் திரும்பியது.

சில்லைக் காலோடு சேர்த்துச் சின்ன ஆணி அடித்துவிட்டேன். இனி விளக்குமாற்றுக்கு வராது.