செவ்வாயில் ஒரு மகள், மதுரையில் ஓர் அம்மா: முதல் அறிவியல் புனைகதை எழுதுவது எப்படி?

அறிவியல் புனைகதை எழுத வருகிறவர்களில் பலர் கோளுக்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். வரைபடம், வம்சாவளி, ஆயுதப் பட்டியல் எல்லாம் தயாராக இருக்கும். கதை மட்டும் ஒரு பக்கத்தைத் தாண்டியிருக்காது. முதல் கதைக்கு இதெல்லாம் வேண்டாம். நமக்குத் தெரிந்த உலகத்தில் ஒன்றே ஒன்றை மாற்றி, அந்த மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியத்துக்குள் ‘மேலும்’ நுழைந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு கதை.

‘மகள் செவ்வாயில் வேலை பார்க்கிறாள், அம்மா மதுரையில் இருக்கிறார்’ என்று வைத்துக்கொள்வோம். உடனே இருவரையும் போனில் பேசவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இரண்டு கோள்களுக்கும் நடுவே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு சொல் போய்ச்சேர ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு முக்கால் மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க வேண்டும். உரையாடல் போயிற்று, குரல் கடிதம்தான் மிச்சம். இதைத் தொல்லை என்று ஓரங்கட்டாதீர்கள், கதை ஒளிந்திருப்பது இங்கேதான். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அம்மா தினமும் காலை ஆறு மணிக்கே செய்தி அனுப்பினாலும், மகளின் கடிகாரத்தில் அது நாளுக்கு நாற்பது நிமிடம் போலப் பின்வாங்கும். பதினெட்டு நாளில் அம்மாவின் காலை மகளுக்குச் சாயங்காலம். அதோடு, சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வரும். அப்போது அங்குள்ள ஊர்திகளுக்குக் கட்டளை அனுப்புவதையே நாசா இரண்டு வாரம் போல நிறுத்திவைக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்? ‘நடுவில் ஒரு செயற்கைக்கோள் போதுமே’ என்று வாசகர் மடக்குவார். பழுதோ பணப் பற்றாக்குறையோ, ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி வைத்திருங்கள்.

இப்படி இருபது விளைவுகளை எழுதி, முதல் ஐந்தை அடித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் தோன்றுபவை.

அடுத்த பள்ளம் விளக்கம். ‘உனக்கே தெரியும், நம் குடியிருப்பின் உயிர்வளி உற்பத்திக் கலம் மின்பகுப்பு முறையில்...’ என்று ஒரு பாத்திரம் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். தெரிந்தவனிடம் தெரிந்ததை யாரும் சொல்வதில்லை. பதிலாக:

‘காத்துக்காரர் இன்னிக்கும் வரலை. மீட்டர்ல ரெண்டு கோடுதான் இருக்கு.’

காற்று விலைக்கு வருகிறது, ஆள் வைத்து வருகிறது, தீரப்போகிறது. மூன்றும் வந்துவிட்டன. தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஊருக்கு அருஞ்சொல் அகராதி தேவையில்லை. ‘உயிர்வளி’ நல்ல சொல்தான், அலுவலகச் சுற்றறிக்கையில் வரட்டும். அவசரத்தில் கத்துகிறவன் வாயில் வேண்டாம். புதிதாக உருவாக்கும் சொற்கள் ஒரு சிறுகதைக்கு மூன்றைத் தாண்டினால் வாசகர் கதையை விட்டுவிட்டுச் சொல்லைத் துரத்துவார்.

முதல் வரைவை 1,500 சொற்களுக்குள், ஓரிடம், இரண்டு பேர் என்று அடக்குங்கள். முடித்ததும் இரண்டு வாரம் தொடாமல் வைத்து, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு பத்தியை வெட்டினால் கதை சரியான இடத்தில் தொடங்கும். ‘எல்லாம் கனவு’, ‘அவனே ஒரு ரோபோ’ முடிவுகளை ஆசிரியர்கள் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

அனுப்பும் முன் எழுத்துருவைச் சோதியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றி, ‘ஸ்ரீ’, ‘ஔ’ சரியாக வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். எந்தக் கதை, எங்கே, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே கதை இரண்டு இதழில் வந்து, இரண்டு ஆசிரியர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.