பைக் லிஃப்ட் வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

வீட்டிலேயே பைக் வேலை பார்க்கக் கிளம்பும் தம்பிகள், வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வாங்குகிற விதத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நான் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துதான். சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றாதே என்பது மாதிரியான சமாச்சாரங்கள் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எத்தனை கிலோ தாங்கும்?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் சிசர் லிஃப்டின் பெட்டிகளில் 500 கிலோ என்று சர்வசாதாரணமாகப் போட்டிருக்கும். சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து உயர்த்தும் நெம்புகோல் மாதிரியான பேடாக் ஸ்டாண்டைப் பின்பக்கம் போட்டால், அதில் ஏறுவதோ வண்டியின் எடையில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே வீட்டில் எடை தாங்காமல் லிஃப்ட் ஒடிவது அபூர்வம். தப்பான இடத்தில் முட்டுக் கொடுப்பதால்தான் சேதம் ஆகிறது.

அடியில் குனிந்து பார்க்காதது

ஸ்ப்ளெண்டர், பல்சர் 150 போன்ற வண்டிகளில் சேஸின், அதாவது வண்டியின் எலும்புக்கூட்டின், இரண்டு குழாய்கள் இன்ஜினுக்கு அடியில் தொட்டில் மாதிரி ஓடும். சிசர் லிஃப்டின் தட்டு அந்தக் குழாய்களில் உட்கார்ந்தால் கவலை இல்லை. 2021-க்கு முந்தைய கிளாசிக் 350-ல் கதை வேறு. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் இன்ஜினோடு முடிந்துவிடும். அங்கிருந்து இன்ஜினே சேஸின் வேலையைச் செய்கிறது. அடியில் இருப்பது அலுமினிய கேஸிங். பல்சர் என்எஸ்200, முதல் தலைமுறை டியூக் 390 வண்டிகளில் அடிவயிற்றில் சைலன்சரே வந்து நிற்கும்.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் பழைய கிளாசிக் வைத்திருந்தார். ஃபோர்க்கின், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களின், ஆயில் சீல் மாற்ற வேண்டும், முன்சக்கரம் தூக்கினால் போதும். புது சிசர் லிஃப்டை இன்ஜினுக்கு அடியில் தள்ளி, போல்ட்டைச் சுற்றிச் சுற்றி ஏற்றிவிட்டார். “அண்ணே, ஐந்நூறு கிலோ தாங்கும்னு போட்டிருக்கு” என்று பெருமை வேறு. தட்டின் ஓரம், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் தலையில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. ஆக்சில் நட் இறுகிப் போயிருந்ததால் ஸ்பானரில் தன் எடையைப் போட்டு அழுத்தியிருக்கிறார். வண்டி அசைந்தபோது மொத்தப் பாரமும் அந்த ஒரு போல்ட்டில்.

மறுநாள் தரையில் ஆயில். வாஷர்தான் போயிருக்கும் என்று புதிதாக வாங்கிப் போட்டார். கசிவு நிற்கவில்லை. டெஃப்லான் டேப் சுற்றி இன்னும் கொஞ்சம் இறுக்கினார். மயிரிழையாக இருந்த விரிசல் அதில்தான் நன்றாகத் திறந்தது. கடைசியில் இன்ஜினை இறக்கி, கேஸிங்கைப் பிரித்து, லேத் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்து, மறுபடி த்ரெட் போட்டார்கள். லிஃப்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவு. இதில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல், தட்டில் ரெண்டு ரப்பர் பட்டையை ஒட்டிவிட்டு “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று விற்கிறார்கள் பாருங்கள், அதன்மேல்தான்.

பலகை வைத்தால் போதுமே என்பார்கள். போல்ட் தலை துருத்திக்கொண்டிருந்தால் பலகையும் அதே போல்ட்டைத்தான் அழுத்தும். அந்த இடத்தில் பலகையைக் குடைந்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு முன்பக்கம் லேசான முட்டாகக் கொடுத்தால் சரி. முழு பாரத்தையும் அதன்மேல் ஏற்றாதீர்கள்.

காசு கொடுக்கும் முன் தரையில் பேப்பர் விரித்துப் படுத்து, போன் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குழாய் ஓடுகிறதா? தரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி? மடங்கிய லிஃப்ட் அதற்குள் நுழையுமா? குழாய் இல்லையென்றால் சிசர் லிஃப்டை மறந்துவிட்டு பேடாக் ஸ்டாண்ட் பக்கம் போங்கள். அதிலும் ஒரு விஷயம்: ஃபோர்க்கின் அடியில் தாங்கும் முன் ஸ்டாண்ட், ஃபோர்க்கையே கழற்றும் வேலைக்கு உதவாது. ஹேண்டில் தண்டின் கீழ்த் துளையில் ஊசி நுழைத்துத் தூக்கும் வகை வேண்டும். உங்கள் வண்டியில் அந்தத் துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஹைட்ராலிக்கை மட்டும் நம்புவது

ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஜாக்கி தூக்குவதற்கு, பிடித்து நிறுத்துவதற்கு அல்ல. உள்ளே சீல் கசிந்தால் சத்தமில்லாமல் இறங்கும். உயர்த்திய பிறகு குறுக்கே போடும் இரும்புப் பின்னோ, பல் லாக்கோ இல்லாத லிஃப்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பாபின் அளவு

பின் பேடாக் ஸ்டாண்டின் கொக்கி மாட்ட, பின்சக்கரத்தைத் தாங்கும் கையில் இருபுறமும் திருகும் சின்ன உருளைதான் பாபின். அதன் போல்ட் அளவு எம்6, எம்8, எம்10 (மில்லிமீட்டரில்). வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பாருங்கள்.

முன் ஸ்டாண்டை முதலில் போடுவது

கூடாது. முதலில் பின்பக்கம்.

போர்ட்டிகோ சரிவு

மழைத் தண்ணீர் ஓட கேட் பக்கம் சரிவு விட்டுத்தான் கொத்தனார் போர்ட்டிகோ போட்டிருப்பார். ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். பேடாக் ஸ்டாண்டிலிருந்து வண்டி இறங்குவது முன்னோக்கி நகரும்போதுதான். ஆகவே முன்சக்கரம் வீட்டுப் பக்கம், மேட்டில் இருக்கட்டும். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி முன்பிரேக் லீவரை ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். சைடு ஸ்டாண்டையும் இறக்கியே வையுங்கள்.