தரவு மையத்துக்குப் பசுமை மின்சாரம்: சலுகைகளைக் கைநழுவ விடாமல் பெறும் வழி

தரவு மையத்தின் மின்தேவை இரவு, பகல் பார்ப்பதில்லை. 10 மெகாவாட் சுமை கொண்ட மையம் 30 நாளில் 72 லட்சம் யூனிட் செலவழிக்கும். சூரிய மின்சாரமோ பகலில் மட்டுமே கிடைக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளின் உற்பத்தி பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைக்கானது. ஆகவே, சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ மையம் நடத்துபவர், சலுகை அறிவிப்புகளைப் படிக்கும் முன்பே, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் மீட்டர் பதிவுகளை ஓராண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மின்சாரம் வாங்கும் வழியை முடிவு செய்யுங்கள். உள்ளூர் விநியோக நிறுவனத்தைத் தாண்டி, விரும்பிய உற்பத்தியாளரிடமிருந்து பொது மின்கம்பி வழியாக மின்சாரம் பெறுவதே திறந்த அணுகல். 2022ஆம் ஆண்டின் பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள், அதற்கு 1 மெகாவாட்டாக இருந்த குறைந்தபட்ச வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. விண்ணப்பத்துக்கு 15 நாளில் முடிவு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். பிறரிடம் வாங்கினால், மலிவு விலையில் மின்சாரம் பெறுவோருக்கான இழப்பை ஈடுகட்ட வசூலிக்கப்படும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், கேப்டிவ் எனப்படும் சொந்தப் பயன்பாட்டு மின்நிலையத்துக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. நீண்டகாலம் இயங்கப்போகும் மையத்துக்கு இந்த இரண்டாம் வழியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பலர் சறுக்குவதும் இங்கேதான். 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகள்படி, பயனாளர்கள் மின்நிலையத்தின் பங்கு மூலதனத்தில் 26 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தவும் வேண்டும். பலர் கூட்டாகச் சேரும்போது, அவரவர் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் பயன்பாடும் இருக்க வேண்டும். அதில் 10 சதவீத ஏற்றத்தாழ்வு மட்டுமே பொறுக்கப்படும். ஆண்டுக்கு 1 கோடி யூனிட் தரும் நிலையத்தில் இரு மையங்கள் 13 சதவீதம் வீதம் பங்கு வைத்திருந்தால், 51 லட்சத்தில் பாதியான 25.5 லட்சம் யூனிட்டை ஒவ்வொன்றும் எடுக்க வேண்டும். ஒன்று 20 லட்சத்தோடு நின்றுவிட்டால் விகிதம் தவறிவிடும், கேப்டிவ் தகுதியே கேள்விக்குள்ளாகும். புதிய மையத்தில் சர்வர்கள் நிரம்ப ஓரிரு ஆண்டு ஆகும் என்பதால், பங்கு ஒப்பந்தத்தில் முழுச்சுமையை எழுதிவிடாதீர்கள். முதலாண்டில் உண்மையாக வரக்கூடிய சுமையையே எழுதுங்கள்.

உபரி மின்சாரத்தை விநியோக நிறுவனத்திடம் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதியை அளவோடு நம்புங்கள். விநியோக நிறுவனத்திடமிருந்து பெறும் மாதாந்திர மின்நுகர்வில் 30 சதவீதத்துக்குக் குறையாத அளவை இப்படிக் கணக்கில் வைக்க 2022 விதிகள் வழிசெய்கின்றன. கட்டணமும் கால வரம்பும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையைப் பொறுத்தவை. நள்ளிரவுச் சுமையைச் சூரிய மின்சாரத்தோடு ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடும் முன், அந்த ஆணையின் உச்சநேரக் கட்டுப்பாடுகளைப் படியுங்கள்.

ராஜஸ்தானிலிருந்து மின்சாரம் தருவிப்பதானால் நிலையம் இயங்கத் தொடங்கிய தேதி முக்கியம். 2025 ஜூன் 30க்குள் தொடங்கிய சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு மாநிலங்களுக்கு இடையேயான மின்கடத்தல் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. அதன்பின் தொடங்கும் திட்டங்களுக்கு அந்தச் சலுகை ஆண்டுதோறும் 25 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. எனவே, தொடக்கத் தேதி தள்ளிப்போனால் கூடும் கட்டணத்தை விற்பவரே ஏற்க வேண்டும் என்ற பிரிவு, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருக்கட்டும்.