கடையில் ரொக்கம் வாங்க மாட்டோம் என்றால் என்ன செய்வது?

"கார்டு இருந்தால் கொடுங்கள், ரொக்கம் வாங்குவதில்லை" என்று கடையில் சொன்னால், "இது அரசு அடித்த பணம், வாங்கித்தான் ஆகவேண்டும்" என்று உடனே மல்லுக்கு நிற்காதீர்கள், பல நாடுகளில் அந்த வாதம் எடுபடாது. அதற்காகப் பேசாமல் திரும்பவும் வேண்டாம். எனக்குப் பலன் தந்த வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த நேரத்தில் மறுத்தார்கள்?

என்னை அதிக நேரம் குழப்பியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. ஒரு நோட்டு சட்டப்படி செல்லும் என்றால், இருக்கிற கடனை அதைக் கொடுத்து அடைக்கலாம் என்றுதான் பல நாட்டுச் சட்டங்களில் அர்த்தம். கடைக்காரர் உங்களுக்கு விற்றே தீரவேண்டும் என்று அர்த்தமில்லை. பொருளை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்திருக்கிறீர்கள், இன்னும் பில் போடவில்லை என்றால் கடன் என்று ஒன்று அங்கே உருவாகவே இல்லை, எனவே பிரிட்டன், கனடா போன்ற இடங்களில் அவர் தாராளமாக மறுக்கலாம்.

ஆனால் சாப்பிட்டாயிற்று, முடி வெட்டியாயிற்று, வண்டியைப் பழுது பார்த்தாயிற்று, அப்புறம்தான் "ரொக்கம் கிடையாது" என்கிறார்கள், அதுவரை யாரும் வாயே திறக்கவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. இங்கே நீங்கள் தரவேண்டிய கடன் உருவாகிவிட்டது, உங்கள் பக்கம்தான் பலம். எனக்கு நடந்தது இந்த வகை.

படி 2: உங்கள் ஊர்ச் சட்டம் எந்தப் பக்கம்?

நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே மாறும். அங்கே கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கடைகளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மாசசூசெட்ஸில் 1978 முதலே சில்லறைக் கடைகளுக்குக் கட்டாயம் இருக்கிறது, நியூ ஜெர்சியும் பிலடெல்பியாவும் 2019இலும் நியூயார்க் நகரம் 2020இலும் சேர்ந்துகொண்டன. நார்வே 2024 அக்டோபரில் வாடிக்கையாளரின் உரிமையைச் சட்டத்தில் இன்னும் தெளிவாக்கியது. சிங்கப்பூரில் குறிப்பிட்ட நோட்டோ நாணயமோ வேண்டாம் என்றால் அதை முன்கூட்டியே எழுதி அறிவிக்கவேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு ரூபாய் நோட்டு நாடெங்கும் சட்டப்படி செல்லும் என்கிறது, ஆனால் கடைகள் ரொக்கம் வாங்கியே ஆகவேண்டும் என்று அதில் தனியாக எழுதவில்லை.

படி 3: ஆதாரம்

வாசலிலும் கல்லாவிலும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அறிவிப்பு இல்லாத வாசலின் படம்தான் பிறகு அதிகம் உதவும். பில்லையும் பத்திரமாக வையுங்கள். வீடியோ எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, கல்லாவில் நிற்பவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், விதி போட்டது அவர் இல்லை.

படி 4: மேலாளரிடம் இரண்டே கேள்வி

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை? ரொக்கம் வேண்டாம் என்பதை எழுதித் தருவீர்களா?" எழுதித் தரச் சொன்னதுமே பல இடங்களில் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அப்படியும் மறுத்தால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, தரத் தயாராக இருக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொடுக்காமல் எழுந்துபோனார் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது.

படி 5: புகார்

முதலில் நிறுவனத்துக்கே மின்னஞ்சல். போனில் பேசுவதைவிட இதுதான் நல்லது, தேதியோடு பதிவாகி நிற்கும். பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்பு, இந்தியாவில் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சமூக ஊடகத்தில் போடுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். கார்டோ ஸ்மார்ட்போனோ இல்லாத முதியவர்களும் தினக்கூலிக்காரர்களும் இப்படிப்பட்ட கடையிலிருந்து திரும்பிப் போகிறார்கள், அவர்கள் புகார் எழுதப்போவதில்லை.

பின்சேர்க்கை: ரொக்கம் வாங்குகிறார்கள், ஆனால் பெரிய நோட்டையும் நாணயத்தையும் மறுக்கிறார்களே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு விதி தனி. நியூயார்க் நகரில் 20 டாலருக்கு மேற்பட்ட நோட்டைக் கடை மறுக்கலாம். இந்தியாவில் 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் 1000 ரூபாய் வரை செல்லும், எனவே பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்பவரிடம் தயங்காமல் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.