திருமலைக்குப் போகிறீர்களா? டிசம்பரில் வேண்டாம்

திருமலை என்று சுருக்கிச் சொல்லும் திருகோணமலை, இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே நான் முதன்முதலாகப் போனது ஒரு டிசம்பரில். பிள்ளைகளுக்கு லீவு, கொழும்பில் வெயில், தெற்குக் கரையில் மிரிஸ்ஸப் பக்கம் போன நண்பர்கள் அனுப்பிய படங்களில் கடல் நீலமாகக் கிடந்தது. அதே கடல்தானே என்று நம்பிப் போனோம். நிலாவெளியில் இறங்கினால் வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். போட்டுகளெல்லாம் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு நாள் மழையைப் பார்த்தோம், மீன்குழம்பு சாப்பிட்டோம், திரும்பினோம்.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் தெற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் காலநிலை நேரெதிர். நவம்பரில் தொடங்கும் வாடைக்காற்று திருமலைக் கடலைக் குழப்பிவிடும். மழையும் அப்போதுதான் கொட்டும். தெற்கிலே மழையடிக்கும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே வெயில் காய்கிறது, கடல் குளம்போலக் கிடக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை வந்தால் ஏமாற்றம் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அரையாண்டு விடுமுறையை விட்டுக் கோடை விடுமுறையில் வரலாம். வெயில் பழகியவர்கள்தானே.

அடுத்த தவறு, எங்கே தங்குகிறோம் என்று பார்க்காமல் அறை பதிவு செய்வது. இணையத்தில் எல்லா ஹோட்டலும் ‘திருகோணமலை’தான். ஆனால் டவுன் வேறு, அதற்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உப்புவெளி வேறு, இன்னும் வடக்கே இருக்கும் நிலாவெளி வேறு. கோயில், கோட்டை, சந்தை என்று நடந்து திரிய வேண்டுமென்றால் டவுன். மாலையில் கடற்கரையில் நாலு பேர் முகம் பார்க்க உப்புவெளி. கடலுக்குள் மீனும் பவளமும் பார்க்கப் புறாத்தீவுக்குப் போவதற்காகவே வருகிறீர்கள் என்றால் நிலாவெளிதான் கிட்ட. உப்புவெளியிலிருந்தும் போட் போகும், ஆனால் தூரமும் காசும் கூட.

புறாத்தீவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெரிய தீவும் ஒரு சின்னத் தீவும் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர் இது. புறாமலை என்றும் சொல்வார்கள். 2003 முதல் இது தேசியப் பூங்கா. அதாவது இதன் பொறுப்பு வனஜீவராசிகள் திணைக்களத்திடம். இதைத் தெரியாமல் வருகிறவர்கள் போட்காரர் சொன்ன தொகைதான் மொத்தச் செலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நுழைவுச்சீட்டு தனி, போட் தனி, முகக்கண்ணாடியும் குழாயும் வாடகைக்கு எடுத்தால் அதுவும் தனி. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருடையதைவிடப் பல மடங்கு. அதன்மேல் வரியும் சேவைக் கட்டணமும் ஏறும். ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்று ஏறுமுன் கேட்டுவிட்டால் கரையில் நின்று வாக்குவாதப்படத் தேவையில்லை.

நேரமும் முக்கியம். பத்து மணிக்குப் போனால் நீங்கள் பார்க்கப்போவது மீன்களை அல்ல, மனிதக் கால்களை. சனி, ஞாயிறைத் தவிருங்கள், அதைவிட முக்கியமாகப் போயா நாட்களை. பௌர்ணமிதோறும் இலங்கை முழுக்க விடுமுறை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. அன்றைக்குத் தீவில் கால் வைக்க இடமிருக்காது. வார நாளில், காலை ஏழு மணிவாக்கில் முதல் போட்டைப் பிடியுங்கள். காற்று எழும்பாத நேரம், தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும்.

தண்ணீருக்குள் இறங்கியதும் நடக்கிற பெரிய தவறு, களைத்ததும் காலை ஊன்றி நிற்பது. காலடியில் இருப்பது கல் அல்ல, பவளம், அது உயிர். வருடத்துக்கு ஒரு விரல் அகலம் வளரவே சிரமப்படுகிற பவள இனங்கள் ஒரு மிதியில் முறிந்துபோகும். நீந்தத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மிதக்கலாம். சன்கிரீமை அப்பிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. உங்கள் முதுகுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. (பருத்திச் சுரிதாரோடு இறங்குவது வேறு கதை. ஈரமானால் அது நங்கூரம்.) கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு அழகாகத்தான் இருக்கும். எடுத்துப் பைக்குள் போடுவது சட்டப்படி குற்றம்.

அங்கே துடுப்பு நுனி கறுத்த கரும்முனைச் சுறாக்கள் திரியும். பயப்படவேண்டாம், மனிதரைக் கண்டால் விலகிப் போகிற வகை அது. ஆனால் அதைப் படம் பிடிக்கத் துரத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கூத்து. துரத்தினால் அது போய்விடும், அசையாமல் மிதந்தால் தானாகவே சுற்றி வரும். ஆமைக்கும் இதே விதிதான். மூச்செடுக்க மேலே வருகிற ஆமையின் வழியை மறிக்காதீர்கள், ஓட்டைத் தொடாதீர்கள். மீனுக்குப் பாண் துண்டு போடுவதையும் விட்டுவிடுங்கள்.

சரி, திமிங்கிலம். மிரிஸ்ஸவில் மட்டும்தான் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். திருமலைத் துறைமுகத்தை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால் இங்கே கரைக்குச் சற்றுத் தள்ளியே ஆழம் வந்துவிடும். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை நீலத்திமிங்கிலத்துக்கும் எண்ணெய்த்திமிங்கிலத்துக்கும் (ஸ்பேர்ம் வேல்) வாய்ப்பு உண்டு. கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களுக்கு இன்னும் அதிக வாய்ப்பு. ஊதும் நீரைப் பார்த்தே இனம் பிரிக்கலாம். நேரே முப்பதடி எழும்பினால் நீலத்திமிங்கிலம், இடப்பக்கம் சாய்ந்து தெறித்தால் எண்ணெய்த்திமிங்கிலம்.

இங்கே தவறு ‘கட்டாயம் காட்டுவோம்’ என்கிறவரிடம் காசு கொடுப்பது. கடலில் யாரும் கட்டாயம் சொல்லமுடியாது. நான் மூன்று தடவை போய் ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த ஒரு தடவையும் ஐந்து போட்டுகள் நாலு பக்கமும் வளைத்துக்கொள்ள, அது வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டது. நூறு மீட்டருக்குக் கிட்ட நெருங்கக்கூடாது என்பது விதி. ஆனால் கிட்டக் கொண்டுபோனால்தான் ஆட்களுக்குச் சந்தோஷம் என்று போட்காரர் நினைக்கிறார். ஏறுமுன்பே ‘அண்ணை, தூர நின்று பார்த்தால் போதும்’ என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். பல போட்டுகள் கூரையில்லாத ஃபைபர் படகுகள். தொப்பி, தண்ணீர், வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரை, எல்லாம் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள்ளும் விலங்குகள்தான். பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடுபோல அலையும். கையிலிருக்கும் பிஸ்கட்டை நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள். மனிதர் கையைப் பழகிய மான்தான் குப்பையிலும் வாய் வைக்கிறது. பொலித்தீனைத் தின்று சாகிறது.

கோட்டையைத் தாண்டினால் கோணேசர் கோயில். திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே இந்த மலையைப் பாடினார் என்பது மரபு. நமக்கு அந்த வசதி இல்லை, வெறுங்காலோடுதான் ஏறவேண்டும். நண்பகலில் அந்தத் தரை தோசைக்கல். அதிகாலை அல்லது மாலைப் பூசை நேரம் பார்த்துப் போங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படை. கமராவை எங்கே நீட்டுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடவே வேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு நீச்சல் உடையோடு போகிறவர்களும் உண்டு. அது குளமல்ல. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதுதான் முறை. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோண்டியது என்பது கதை. இன்றைக்கும் அங்கே பிதிர்க்கடன் செய்ய வருகிறார்கள், அதனால் கூச்சல் போடாமல் குளித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, திரும்பும் நேரம். கொழும்புக்கு ஹபரணை வழியாகப் போகும் வீதியில் அந்திக்குப் பிறகு யானைகள் குறுக்கே வரும். சில யானைகள் வாகனத்தை மறித்துத் தீனி கேட்கவும் பழகியிருக்கின்றன. நிறுத்தி வாழைப்பழம் கொடுத்தவர்கள் செய்த வேலை அது. மூன்று மணிக்கே கிளம்புங்கள். இல்லையென்றால் கொழும்புக்கு இரவு ரயில் இருக்கிறது, படுக்கை இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.